நாலாக வெட்டிய சர்க்கார் பத்திரம்

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போய், சர்க்கார் கட்டிடங்களில் புதுக்கொடி இன்னும் சாயம் வெளுக்காமல் பறந்துகொண்டிருந்த காலம் அது. ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு கடை. கயிறு, வலை நூல், தார், பாய்த்துணி என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்பேன். நான் மட்டும் கடலுக்குப் போனதில்லை. கடற்கரையில் அலை வந்து கணுக்காலைத் தொட்டாலே மனைவியின் கையை எட்டிப் பிடிக்கிற வீரன் நான்.

ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு காலை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கும் ஒரு குப்பத்திலிருந்து மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் குப்பத்துத் தலைவர், அறுபதைத் தொட்டவர். இன்னொருவர் பெரிய மீசைக்காரர். அவர் ரகசியம் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். மூன்றாமவர் பேசவே மாட்டார். மூவருமே பஞ்சாயத்தார், எனக்குப் பழைய வாடிக்கை. வழக்கமாக வந்ததும் கயிற்றை முறுக்கிப் பார்த்து, "இன்னா அண்ணாச்சி, இத்த வச்சி ஆட்டுக்குட்டியக் கூடக் கட்ட முடியாதே!" என்று பேரத்தைத் தொடங்குவார்கள்.

அன்று யாரும் கயிற்றைத் தொடவில்லை. தலைவர் மடியிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மீசைக்காரர் தன் பங்குக்கு ஒன்றை வைத்தார். பேசாதவரும் ஒன்று வைத்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அது ஒரு சர்க்கார் கடன் பத்திரம். மேலே அச்சடித்திருந்த கிரீடம் கச்சிதமாக வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் இங்கே, ஒரு பக்கம் அங்கே என்று கிடந்தது.

கணக்குப் புத்தகத்தை எடுத்துத் துண்டுகளின் மேல் போட்டு மூடினேன். ஏனென்றால் அந்தப் பத்திரத்தை அவர்கள் தலையில் கட்டியவனே நான்தான்.

யுத்த காலத்தில் சர்க்காருக்குப் பணமுடை. தாசில்தாரின் ஆட்கள் கடை கடையாக ஏறி, "உங்க வாடிக்கைக்காரங்ககிட்ட சொல்லி பத்திரம் வாங்க வையுங்க" என்பார்கள். சொல்லாவிட்டால் சர்க்கார் அளந்து தருகிற என் நூல் கோட்டாவில் கை வைப்பார்கள் என்பதை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, பார்வையே போதும். அந்தக் குப்பத்தில், கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் ஊருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். யுத்தத்தில் மீன் விலை ஏறவே ஊர்ப்பணமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. நான் நேரில் போய் மணலில் உட்கார்ந்து, பணத்தைப் பெட்டியில் தூங்கவிடாதீர்கள், சர்க்காரிடம் கொடுத்தால் வட்டியோடு திரும்பி வரும் என்று பேசிப் பேசி ஒரு பத்திரம் வாங்க வைத்தேன்.

அது பெயர் எழுதாத பத்திரம். பேரர் பத்திரம் என்பார்கள். தவணை முடிந்ததும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அசலும் வட்டியும் கிடைக்கும். இதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து வந்திருக்கலாம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் என் நாக்கு சும்மா இருக்காது. "காக்கா தூக்கிட்டுப் போய் ஆபீஸ் ஜன்னல்ல உட்கார்ந்தா காக்காவுக்குத்தான் பணம்!" என்றேன். குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதா என்ற விஷயத்தில் கல்யாணமான முதல் வாரமே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

நான் கிளம்பி வந்த பிறகு குப்பத்தில் சிரிப்பு அடங்கி யோசனை பிறந்திருக்கிறது. கையில் வைத்திருப்பவனுக்குத்தான் பணம் என்றால் யார் கையில் கொடுப்பது? அந்தக் குப்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலையை அவர்கள் கூட்டாகப் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு வலை. எல்லாரும் அவரவர் துண்டைக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால்தான் அது வலை. சீசன் முடிந்ததும் பிரித்து, அவரவர் துண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். எவனும் முழு வலையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எவனையும் விட்டுவிட்டு வலை போடவும் முடியாது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு கையில் இருக்கும்போது பத்திரத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். கோயில் முன்னால் பத்திரத்தை விரித்து, மீன் அரிகிற கத்தியால் நாலாக அரிந்து, அப்போதைய பஞ்சாயத்தார் நாலு பேரும் ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போய்விட்டார்கள்.

"சர்க்கார் பத்திரத்தைப் போய் யாராவது வெட்டுவாங்களா?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெண் குரல் மாதிரி கீச்சென்று வந்தது.

"நீதான அண்ணாச்சி சொன்னே, காக்கா தூக்கினா காக்காவுக்குன்னு?" என்றார் மீசைக்காரர். "இப்ப எந்தக் காக்கா தூக்கும்?"

 நாலாவது துண்டு எங்கே என்று கேட்டேன். அதை வைத்திருந்தவர் முந்தின வருஷம் கட்டுமரத்தில் போய்த் திரும்பாமல் போனவர் என்று தெரிந்தது. "அவரோட அதுவும் பூட்ச்சி" என்றார் மீசைக்காரர், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக. தலைவர் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தவணை முடிந்துவிட்டது. பழைய வலை நைந்து கிடக்கிறது. புது வலைக்கு நூல் வாங்க வேண்டும். மூன்று துண்டு காட்டினால் முக்கால் பணமாவது தருவார்களா?

"எங்கிட்டயேதான் நூல் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அந்தக் கலவரத்திலும் வியாபார புத்தி மட்டும் தெளிவாக இருந்ததைப் பாருங்கள். ஆமாம் என்றார்கள். அப்படியானால் நானே ஆபீசுக்கு அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கிரீடத்தை வெட்டினால் ராஜ துரோகம் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். ராஜாதான் போய்விட்டாரே என்று ஒரு மனசு சொல்லும். ராஜா போனாலும் போலீஸ் போகவில்லையே என்று இன்னொரு மனசு சொல்லும். வெட்டினது அவர்கள் என்றாலும் தூண்டினது யார்? காக்கா கதை சொன்னது யார்? கோர்ட்டில் குப்பமே திரண்டு வந்து அந்த ஜோக்கைச் சாட்சியாகச் சொல்வது போலவும், நீதிபதி சிரிக்காமல் கேட்பது போலவும் கற்பனை ஓடியது. நீதிபதிக்கு என் மனைவியின் முகம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அரிசி களைகிற கையை நிறுத்தாமல் கேட்டாள். "ஏங்க, ஜெயில்ல கம்பளி அவங்களே குடுப்பாங்களா, நாம எடுத்துட்டுப் போகணுமா?"

"உனக்கு வேடிக்கையா இருக்கா?"

"இல்லீங்க, இருக்கறது ஒரே கம்பளி. எனக்கு வேணும்."

மறுநாளுக்காக நான் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பு ஒரு நாளும் கதர் தொடாதவன், முந்தின சாயங்காலமே போய் ஒரு கதர் ஜிப்பா வாங்கி வந்தேன். தேசபக்தனை யாரும் சட்டென்று பிடித்து உள்ளே போட மாட்டார்கள் என்று கணக்கு. நெற்றி நிறைய விபூதி. போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். அதுவும் போதாதென்று மாதா கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு. ராயபுரத்தில் இருந்துகொண்டு ஒரு பக்கம் மட்டும் வேண்டிக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

கடற்கரைச் சாலையில் இருந்தது அந்த ஆபீஸ். உயரமான கூரை, பேசினால் குரல் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வரும். சர்க்கார் பத்திரங்களுக்கான அதிகாரி ஒருவர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நான் மூவரையும் பின்னால் நிறுத்திவிட்டு, இரவெல்லாம் நெட்டுருப் போட்ட பிரசங்கத்தைத் தொடங்கினேன். "ஐயா, இவர்கள் மூவரும் சட்டம் அறியாதவர்கள். நான் அவர்களைவிட அறியாதவன். பாரத மாதாவின் மேல் ஆணையாக..."

"பத்திரத்தைக் குடுங்க" என்றார் அவர்.

மூன்று துண்டுகளையும் கண்ணாடிப் பலகைமேல் சேர்த்து வைத்தார். ஒரு ரூல் தடியால் ஓரங்களை நகர்த்தினார். மூலையில் இருந்த நம்பரைப் படித்து, ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஜிப்பா முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"இதுக்கா சார் இப்படி வேர்க்குது? எங்க தாத்தா காலத்துல வியாபாரிங்க பெரிய நோட்டையே ரெண்டா வெட்டித்தான் தபால்ல அனுப்புவாங்க. ஒரு பாதி போய்ச் சேர்ந்த சேதி வந்தப்புறம் மறு பாதியை அனுப்புவாங்க. வழியில திருடன் கையில பாதி நோட்டு கிடைச்சு என்ன பண்ணுவான்? உங்க ஆளுங்க யோசனை ஒண்ணும் மோசமில்ல."

மீசைக்காரர் பின்னாலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தேன்.

அதிகாரி நிதானமாக விளக்கினார். வெட்டினது குற்றமில்லை. மூன்று துண்டுக்கு முக்கால் பணம் என்ற பேச்சே கிடையாது. கொடுத்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நாங்கள் சொன்னபடி நாலாவது துண்டு கடலில் அழிந்துபோனது நிஜமென்றால் மூவரும் முத்திரைக் காகிதத்தில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். சொத்துள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எப்போதாவது யாராவது அந்தத் துண்டோடு வந்து நின்றால், பொய்ச் சத்தியத்துக்கு மூவர் மேலும் ஜாமீன் போட்டவர் மேலும் கேஸ் வரும். பணமும் ஜாமீன்காரரிடமிருந்து வசூலாகும்.

இவ்வளவும் அவர் சொன்னார். எனக்குக் கேட்டது முதல் வாக்கியம் மட்டும்தான். வெட்டினது குற்றமில்லை! "ஐயா, ஜாமீன்தானே? நானே போடறேன். ஒரு கையெழுத்துப் போதுமா, ரெண்டு வேணுமா?" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "காகிதம் வாங்கிக்கிட்டு நாளைக்கு வாங்க. படிச்சுப் பார்த்துட்டு வாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை ஒரு நல்ல மனிதர் சும்மா சொல்ல மாட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் மூவருக்கும் காப்பியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். பேசாதவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டார். தலைவர் எதையும் தொடவில்லை. நான் அவர்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். விடுதலையானவனுக்குப் பசி அதிகம்.

வீட்டு வாசலை அடைந்தபோது எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டு வருகிற அம்மாள் கூடையை இறக்கி வைத்திருந்தாள். என் மனைவி ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆபீசில் நடந்ததை அபிநயத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். அதிகாரியே என் யோசனையைப் பாராட்டினார் என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். "நாளைக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்த நாலாவது துண்டை எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சோ!"

மீன்கார அம்மாள் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த பொடி டப்பாவைத் திறந்து, மடித்து மடித்துச் சின்னதாக்கிய ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். கிரீடத்தின் மிச்சம் அதில் இருந்தது.

"அந்தக் காக்கா நான்தான் அண்ணாச்சி."

பல வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவள். எந்தக் குப்பம் என்று நான் கேட்டதில்லை. மீன் விலையைத் தவிர அவளிடம் எதையுமே கேட்டதில்லை.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் அவள் கணவர். இருப்பது ஒரே பெண் குழந்தை. குப்பத்தில் ஆண்பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் ஊருக்கு வரி கட்டும். வரி கட்டுகிற வீட்டுக்குத்தான் வலையில் பங்கு. கணவர் போனதும் பஞ்சாயத்தார் கூடி, பாவம், இந்த வீட்டுக்கு வரி வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். இப்போது புது வலை என்று பேச்சு வந்ததும், வரியில்லாத வீட்டுக்குப் பங்கு எப்படி என்றார்கள். பங்கு கொடுத்தால் துண்டைத் தருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் துண்டு கடலோடு போனதாகக் கதை பிறந்திருக்கிறது.

"இத்த நானு ஆபீசுல காட்டினா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் நின்னு போகும். அவங்களுக்கும் கிடைக்காது, உனக்கும் கிடைக்காது."

"அதுல எனக்கு இன்னா லாபம்? ஊரு துட்ட நிறுத்தவா நானு இத்த வச்சிகினு கீறேன்? அந்த வலையில எம் புருசன் துண்டும் சேரணும்."

அதிகாரி சொன்னதில் எனக்குக் கேட்காமல் போன வாக்கியங்களெல்லாம் அப்போதுதான் வரிசையாகக் காதில் விழுந்தன. பொய்ச் சத்தியம். கேஸ். ஜாமீன்காரர். குற்றமே இல்லாத ஒன்றுக்குக் கதர் மாட்டி, தேங்காய் உடைத்து, இரண்டு சாமிகளைத் தொந்தரவு செய்தவன், நிஜமான குற்றத்துக்குக் காப்பி வடை சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே போகவிருந்தேன்.

மனைவி என் முகத்தையும் அந்தத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப கம்பளி எடுத்து வைக்கட்டுங்களா?"

கேலி செய்தாலும் வழி சொன்னவளும் அவள்தான். இவர்களைப் பஞ்சாயத்தில் பேசவிட்டால் நாலு நாள் இழுக்கும். காலையில் கடைக்கே வரச் சொல்லுங்கள் என்றாள். மீன்கார அம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மூவரும் வந்தார்கள். அந்த அம்மாள் அதற்கு முன்பே வந்து, கடைக்குள் கயிற்றுச் சுருள்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் முத்திரைக் காகிதத்தை மேஜையில் விரித்தேன். எழுதப் போகும் வாசகத்தை உரக்கப் படித்தேன். "நாலாவது துண்டு கடலில் அழிந்துவிட்டது என்று சத்தியமாகச் சொல்கிறோம். சரி, தலைவரே, நீங்க ஒரு தரம் வாயால சொல்லுங்க. கடல் அந்தப் பக்கம்தான் இருக்கு, அதைப் பார்த்தே சொல்லுங்க."

"காகிதத்துல தான அண்ணாச்சி, வாயில எதுக்கு?" என்றார் மீசைக்காரர்.

தலைவர் கடல் இருக்கும் திசையில் திரும்பினார். வாயைத் திறந்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நம்மளால முடியாதுப்பா. நாளைக்கு அதுலதான போய்வரணும்?"

கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்து வந்தாள். மீசைக்காரர் இரண்டடி பின்வாங்கி என் தார் டின்னில் இடித்துக்கொண்டார். தார் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் அதையும் ஊர்க்கணக்கில் எழுதியிருப்பேன்.

"உன்ன யாரும் ஏமாத்தலம்மா" என்றார் தலைவர். "பாவம்னுதான் வரிய தள்ளி வுட்டோம்."

"தள்ளி வுடுன்னு நானு கேட்டனா நைனா?" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "வரிய தள்ளி வுட்டீங்க. அதோட சேத்து பங்கயும் தள்ளி வுட்டீங்க. இனிமே நானு முழு வரி கட்டறேன். மத்த வூடு இன்னா கட்டுதோ அத்த கட்டறேன். எழுதிக்கோங்க."

"பொம்பள எப்படிம்மா வலை இழுப்பே?" என்றார் மீசைக்காரர்.

"போன மாசம் காலு வீங்கி வூட்டுல படுத்துகினு இருந்தியே, அப்ப நீ இழுத்தியா? உனக்குப் பதிலு உம் மச்சான் இழுத்தான். பங்கு வேணான்னியா? நானும் பதிலு ஆளு வுடறேன்."

மீசை அடங்கிவிட்டது. 

எனக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. விடுவேனா? பத்திரத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டி, "இதைப் பாருங்க. ஆம்பளைக்கு, பொம்பளைக்குன்னு ஒரு எழுத்து இருக்கா? கையில வச்சிருக்கறவங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. கால் பத்திரம் இந்த அம்மா கையில. இவங்க வராம சர்க்கார் காலணா தராது. நானும் ஜாமீன் போட மாட்டேன். என்னை ஜெயிலுக்கு அனுப்பறதுன்னா கம்பளி யார் தர்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பேசாதவர் பேசினார். அவருக்குக் குரல் இருக்கிறது என்பதே எங்களுக்குச் செய்தி. "நேத்துலருந்து எனக்கு சோறு எறங்கல. அவ கேக்கறது ஞாயம். கட்டட்டும். கட்டினா வரிக்காரிதான்."

 தலைவர் கடைசியில் அவளைப் பார்த்து, "இந்த மாசத்துலருந்தே கட்டணும். அப்பால பாக்கி கீக்கின்னு சொல்லக் கூடாது" என்றார். அவள் அங்கேயே முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மாதத்து வரியை மேஜைமேல் வைத்தாள். தலைவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் கட்டினார். பங்கு கொடுத்தோம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. வரியைக் கையில் வாங்கிவிட்டால் அந்தக் குப்பத்தில் வேறு பேச்சுத் தேவையில்லை.

ஐந்து பேருமாக ஆபீசுக்குப் போனோம். கதர் ஜிப்பா வேண்டியிருக்கவில்லை. கடையில் போடுகிற பழைய சட்டையோடேயே போனேன். அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. வேர்க்காமல் நான் வேறு மாதிரி இருந்தேன் போலிருக்கிறது.

நாலு துண்டும் கண்ணாடிப் பலகைமேல் சேர்ந்தன. வெட்டின இடத்தில் மயிரிழை பிசகாமல் பொருந்தியது கிரீடம். நாலாவது துண்டை மட்டும் அந்த அம்மாள் தானே வைத்தாள். வைத்த பிறகும் ஒரு விரலை அதன்மேலேயே ஊன்றிக்கொண்டாள்.

"நேத்து அழிஞ்சு போச்சுன்னீங்களே?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"கரை ஒதுங்கிடுச்சுங்க."

"நல்ல வேளை. நாளைக்கு ஒதுங்காம இன்னிக்கே ஒதுங்கிச்சு" என்றார். பிறகு அவளிடம், "விரலை எடும்மா, நான் ஒட்டணும்" என்றார்.

"துட்டு வரட்டும் நைனா, எடுக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த ஆபீசின் உயரமான கூரையில் முட்டி அந்தச் சிரிப்பு எங்கள் தலைமேலேயே திரும்பி விழுந்தது. வைத்திருப்பவர்கள் நாலு பேர் என்பதால் நாலு பேரும் பின்பக்கம் ரசீது போட்டால்தான் பணம் என்றார். தலைவர் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் கைநாட்டு. அவளும் கட்டை விரலில் மை தடவிக்கொண்டு, மூன்று பேருடையதைவிட அழுத்தமாக ஒரு கைநாட்டு வைத்தாள். மை காயும்வரை அதை ஊதிக்கொண்டிருந்தாள்.

நூலை என் கடையில்தான் வாங்கினார்கள். சாயங்காலம் வரை பேரம் பேசி, என் லாபத்தில் பாதியை உரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மீசைக்காரரால் ஆகாததை அந்த அம்மாள் செய்தாள். என் வீட்டில் அத்தனை வருஷம் மீனுக்கு நான் பேசிய பேரத்தையெல்லாம் ஒரே நாளில் நூலில் திருப்பிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் மீன் கொண்டு வரும்போதெல்லாம் வலை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். மழை முடிந்து வலை இறங்கியதும், அவள் வீட்டுத் துண்டு எந்த இடத்தில் வருகிறது, பதில் ஆளாக அவள் தம்பி எப்படி இழுக்கிறான், வரி கட்டுகிற நாளில் அவளை முதலில் கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் செதில் தேய்த்துக்கொண்டே சொல்வாள். பயப்படுகிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் மனைவி இந்தப் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதிவிடுவாள். பயப்படுகிறேன்தான். ஆனால் யார்மேலாவது இரக்கப்பட்டு, பாவம், இவர்களுக்கு இது வேண்டாம் என்று எதையாவது தள்ளிவிட என் கை நீளும்போதெல்லாம், அதோடு சேர்த்து அவர்களையே எதிலிருந்து தள்ளிவிடுகிறேன் என்று இன்றும் ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்கிறேன்.